அப்பா பெயரில் போன பதில்கள்

அன்பு மகள் நிவேதாவுக்குக் குற்றாலத்திலிருந்து அம்மா எழுதுவது. ராத்திரி பத்து மணிக்கும் வெயில் அடிக்கிற அந்த ஹெல்சிங்கியில் நீயும் மாப்பிள்ளையும் ஒழுங்காகத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன், முழங்காலைக் கேட்டால் வேறு சொல்லும். சாரல் தொடங்கிவிட்டது, ஐந்தருவியில் மங்குஸ்தான் விற்கிறவர்களுக்குத் தலை சொறிய நேரமில்லை, நம் லாட்ஜில் மட்டும் நாலு அறையிலும் பல்லிதான் தங்கியிருக்கிறது. எதிர் லாட்ஜ் தங்கபுஷ்பம் வாசலில் நின்றுகொண்டு, என்ன மைனி, ரூமெல்லாம் சும்மா கெடக்கே, பெயிண்ட் அடிக்கப் போறீயளா என்கிறாள். ஆமா, தங்கத்துல அடிக்கலாம்னு இருக்கேன் என்றேன்.

எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரால் வந்தது. அப்பா வைத்துவிட்டுப் போன மெயில் புரோகிராமைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்காமல் தபாலெல்லாம் வந்து விழும், நெட் இல்லாவிட்டாலும் பழையதைப் படிக்கலாம், இங்கே ஒரு காற்றடித்தால் முதலில் போவது நெட்தானே. அது பழங்காலம், பிரவுசரில் பார், உன் பெயரிலேயே புது முகவரி தொடங்கு, எந்தப் போனிலும் திறக்கலாம் என்று நீ அங்கிருந்து கத்தினாய். தென்காசிக் கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிற சஃப்ரினோ, புரோகிராமே இருக்கட்டும் ஆண்ட்டி, ஒங்க தபாலு ஒங்க வீட்டுல இருக்கும்லா என்றாள். நீங்கள் இருவரும் போனில் சண்டை போட்டதை நான் முறுக்கு தின்றுகொண்டே கேட்டேன். நான் சஃப்ரின் கட்சியில் சேர்ந்ததற்குக் காரணம் வேறு. அதில் பதில் எழுதினால் அடியில் ‘அன்புடன், பாண்டித்துரை’ என்று தானாக வந்து உட்காரும். அப்பா போய் ஒன்றரை வருஷம் ஆகியும் மதுரை, புனலூர் வாடிக்கைக்காரர்களுக்கு நான் சொல்லவே இல்லை. அண்ணாச்சி சுகமா, அதே மாடி அறை வேண்டும் என்று எழுதுவார்கள், சுகம், வாருங்கள் என்று நான் போடுவேன். நேரில் வந்து கேட்டால் செங்கோட்டைக்குப் போயிருக்கார் என்பேன். நம்பிவிடுவார்கள், உயிரோடு இருந்தபோது மட்டும் அந்த மனுஷன் ஆபீஸ் அறையில் எங்கே இருந்தார்?

போன மாதம் விழுந்த இடியில் கம்ப்யூட்டர் போய்விட்டது, டிஸ்க்கில் ஒன்றுமே மிஞ்சவில்லை என்று சஃப்ரின் கையை விரித்தாள். வேறு கம்ப்யூட்டரில் அதே புரோகிராமைப் போட்டால் பாஸ்வேர்டு கேட்கிறது. பிரவுசரில் போனாலும் கேட்கிறது. மறந்துவிட்டது என்றால் அப்பா நம்பருக்கு ஓடிபி அனுப்புவேன் என்கிறது. பேசாத மனுஷனுக்கு எதற்கு ரீசார்ஜ் என்று உன் புத்திசாலி அம்மா விட்டுவிட்ட நம்பர் அது, இப்போது சிவகிரியில் பேச்சிமுத்து என்பவரிடம் இருக்கிறது. போன் போட்டு விவரம் சொல்லி அந்த ஓடிபியைக் கேட்டேன். ஏம்மா, குரலைக் கேட்டா கௌரவமான பொம்பளை மாதிரி இருக்கு, இந்தத் தொழிலுக்கா வந்தே, புருஷன் செத்துட்டான்னு சொல்லி ஓடிபி கேக்கவள இப்பத்தான் பாக்கேன் என்றார். சஃப்ரின் வாங்கிப் பேசினாள், ஓஹோ, கூட்டமாத்தான் கெளம்பியிருக்கீயளா என்று வைத்துவிட்டார். பஸ் பிடித்து நேரிலேயே போனேன். இறப்புச் சான்றிதழைப் பார்த்துக் கண்கலங்கினார், டீ வாங்கித் தந்தார், ஓடிபி மட்டும் தரவில்லை. தப்பா நெனைக்காதிய தாயி, போன வருஷம் இப்படி ஒரு நம்பரைச் சொல்லித்தான் மக கல்யாணத்துக்கு வச்சிருந்ததெல்லாம் போச்சு, இனி யாருக்கும் சொல்ல மாட்டேன்னு பொஞ்சாதி தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன் என்றார். அவரை என்னவென்று திட்டுவது?

பிரவுசரா புரோகிராமா என்றால் நீ ஜெயித்துவிட்டாய் மகளே. சஃப்ரின் என் பெயரில் முகவரி தொடங்கித் தந்தாள், இதிலிருந்து போகிற முதல் தபால் உனக்குத்தான். இரண்டாவது தபால் யாருக்கு என்றுதான் தெரியவில்லை. வாடிக்கைக்காரர்கள் முகவரி எல்லாம் டிஸ்க்கோடு போயிற்று. அவர்கள் இன்றைக்கும் பழைய பெட்டிக்குத்தான் எழுதிக்கொண்டிருப்பார்கள், போனில் கூப்பிட்டாலும் பேச்சிமுத்து ராங் நம்பர் என்பார். காய்ச்சலில் கிடந்தபோதுகூட ஒரு தபாலுக்குப் பதில் போடாமல் படுத்தவர் இல்லை உன் அப்பா. இப்போது புனலூரில் யாரோ, பாண்டித்துரைக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, ஒரு வரி பதில் போட மாட்டேன் என்கிறான் என்று சொல்லிக்கொண்டு தங்கபுஷ்பத்திடம் அறை கேட்டு எழுதுவார். அவர் அப்படிப்பட்டவர் இல்லை ஐயா, செத்துப்போனார் என்று சொல்லலாம் என்றால், இப்போது சொல்ல நினைக்கிற எனக்கு வழியில்லை. ஆடி முடிந்ததும் லாட்ஜை உன் சித்தப்பாவிடம் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். வேண்டாம் என்று எழுதாதே, வேறு வழி இருந்தால் எழுது, இருக்காது.

குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மனும் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும். ஜன்னலுக்குக் கனமான திரை வாங்கிப் போட்டுத் தூங்குங்கள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஒன்று மறந்துவிடாதே, அப்பா முகவரிக்கு இனி நீ எதுவும் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் போய்ச் சேர்ந்துவிட்டது போலத்தான் காட்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
பா. முத்துசெல்வி