ஓட்டு இல்லாத மச்சான்

கடலூர் முதுநகர்
30 மே 2016

அன்புள்ள சபேசுக்கு,

நான் உனக்குத் தனியாக அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நீ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, சனிக்கிழமை ராத்திரி உன் லண்டன் ஃபேஸ்புக் குரூப்பில் போட்டுவிட்டாய். அதனால்தான் காகிதத்துக்கு வந்துவிட்டேன். இதையும் படம் பிடித்துப் போடலாம். என் கையெழுத்தைப் படிக்க அங்கே எவனுக்கும் பொறுமை இருக்காது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று வருகிற ஜூன் இருபத்து மூன்றாம் தேதி அங்கே ஓட்டுப் போடுகிறீர்கள். நீ விலகணும் என்கிறாய். என் மச்சான் ஆன்டோ இருக்கணும் என்கிறான். எனக்கு எது ஜெயித்தாலும் ஒன்றுதான், உனக்கு நான் அனுப்புகிற முந்திரி கப்பல் ஏறிவிடும். ஆனால் குறிஞ்சிப்பாடியிலிருந்து லாரி வரும்வரை குடோனில் உட்கார்ந்து குரூப்பில் உங்கள் சண்டையைத் தினமும் படிக்கிறேன். "தம்பி ஆன்டோ, நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது" என்று ஆரம்பித்து அவனுக்கு ஒரு பக்கம் எழுதுகிறாய். எனக்கு? என் மகளுக்கு காலேஜ் சீட் கிடைத்ததற்கும் கட்டைவிரல். நெய்வேலி ரோட்டில் நம் லோடு கவிழ்ந்ததற்கும் கட்டைவிரல்.

அவன் பாரிஸிலிருந்து லண்டன் வந்தபோது, பொண்டாட்டியோட தம்பிடா, பார்த்துக்கொள் என்று உன் கடைக்கு அனுப்பியவன் நான். பார்த்துக்கொள்ளத்தான் சொன்னேன்.

அந்த வயிற்றெரிச்சலில் எழுதியதுதான் அது. அவனுக்கு ஓட்டே கிடையாது என்றேன். அது உண்மை. காமன்வெல்த் நாடு என்பதால், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற நீ அங்கே ஓட்டுப் போடலாம். பாண்டிச்சேரிப் பெண்ணைக் கட்டிப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வாங்கிய அவன் போட முடியாது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெண் பார்க்கப் போன அன்றே ஜெனிபரின் முகத்தைப் பார்க்காமல் பாஸ்போர்ட்டைத்தான் பார்த்தான் என்று ஒரு வரி சேர்த்தேன். அது பொய். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த பிறகுதான் அவள் எந்த நாட்டுப் பிரஜை என்றே அவனுக்குத் தெரியும். கூட இருந்தவன் நான்.

என் அப்பா மாட்டுத்தரகர், உனக்குத் தெரியும். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். துண்டை உதறிக் காட்டியவனுக்கு மறுவாரம் எவனும் விரல் கொடுக்கமாட்டான். நீ உதறிவிட்டாய்.

அதை எடுத்துவிடு. அந்த வரி பொய் என்றும் போடு. அவன் அக்கா மேரிக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் வீட்டில் உலை வைக்கமாட்டாள்.

ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் வருகிறாயா? உன் அம்மா தினமும் கேட்கிறார்களாம்.

உன்
ஜோசப்


ஈஸ்ட் ஹாம், லண்டன்
8 ஜூன் 2016

அன்பு ஜோசப்புக்கு,

பேனா பிடித்துப் பல வருஷம் ஆகிறது. கோழி கிளறியது போலத்தான் இருக்கும், சிரிக்காதே.

உன் பெயரை வெட்டிவிட்டுத்தான் போட்டேன். 'ஊரிலிருந்து நம்பிக்கையான ஒருவர்' என்று மட்டும் எழுதினேன். நீயாக வாயைத் திறக்காதவரை யாருக்கும் தெரியாது.

ஏன் போட்டேன் என்று கேட்பாய். நாம் விலகிவிட்டால் நம்ம ஊர் சமையல்காரர்களுக்கு விசா சுலபமாகக் கிடைக்கும் என்று மூன்று மாதமாகக் குரூப்பில் சொல்லிவருகிறேன். அன்றைக்கு ஆன்டோ எல்லார் முன்னாலும் கேட்டான்: "நல்ல சேதிதாண்ணே. எந்தப் பேப்பர்ல, எந்தப் பக்கத்துல போட்டிருக்குன்னு சொன்னீங்கன்னா நானும் படிச்சிக்கிறேன்." என்னிடம் பக்கம் ஏது? பிரச்சார மேடையில் பேசினார்கள், நானும் பேசினேன். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உன் செய்தி கையில் இருந்தது. ஓட்டே இல்லாதவன் கேள்வி கேட்கிறான் பார் என்று போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ஜெனிபரைப் பற்றிச் சிலர் எழுதியதைக் காலையில் நானே அழித்தேன். அவ்வளவு அசிங்கம்.

அவன் எழுதிய பதில் இரண்டே வரி. எனக்கு ஓட்டு இல்லை, அதனால்தான் ஓட்டு உள்ளவர்களைக் கேட்கிறேன். என் மனைவியைப் பற்றியது பொய். அவ்வளவுதான். மறுநாள் வழக்கம்போல் கடைக்கு வந்து கறிவேப்பிலை வாங்கினான். யாருண்ணே சொன்னது என்று கேட்டான். சத்தியமாக நான் சொல்லவில்லை.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுக்காதே. அவனிடம் தோற்றால்கூட நல்ல சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருக்கிறது. உன்னிடம் பேசினால் லோடு, ரேட்டு, கண்டெய்னர். நீ மட்டும் என்னை வேறு என்ன கேட்டிருக்கிறாய்?

இருபத்து மூன்று வரைக்கும் அந்தப் படம் இருக்கட்டும். இப்போது எடுத்தால் நான் பயந்துவிட்டதாக ஆகிவிடும்.

உன்
சபேஷ்


கடலூர் முதுநகர்
17 ஜூன் 2016

சபேசு,

மேரிக்குத் தெரிந்துவிட்டது. லண்டனில் இருக்கிற எங்கள் மாதா கோயில் பங்குக்காரப் பெண் ஒருத்தி அந்தப் படத்தை அவளுக்கு அனுப்பிவிட்டாள். படித்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"தம்பியோட பொண்ணு பாக்கப் போனது மூணு பேரு. எங்கப்பா செத்துட்டாரு. நான் எழுதல."

அப்புறம் அவளே ஆன்டோவைக் கூப்பிட்டு, போனை என் கையில் வைத்தாள். அவன், "சாப்டீங்களா மாமா?" என்றான். நான்தான் எழுதினேன் என்றேன்.

"தெரியும் மாமா. சபேஷ் அண்ணன் அன்னிக்கு ராத்திரியே போன் பண்ணிச் சொல்லிட்டாரு. மனசு கேக்கலன்னு அழுதாரு. நீங்க என்னைக் கேட்டிருந்தா, ஓட்டு இல்லன்னு நானே குரூப்புல போட்டிருப்பேன்."

அப்படியானால் என் முதல் கடிதத்தை நான் எழுதுவதற்கு முன்பே நீ சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு எனக்குச் சத்தியம் பண்ணி எழுதுகிறாய். அவனோ எல்லாம் தெரிந்துகொண்டே, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போதெல்லாம் மாமா பிரஷர் மாத்திரை போடுறாரா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறான்.

நான் வியாபாரி. எந்தச் சரக்கை மழையில் விடுவது, எதை மூடுவது என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு பண்ணுகிறவன். நீயும் அதைத்தான் செய்திருக்கிறாய். என்னைக் காட்டிக்கொடுத்தது எனக்குப் பெரிதில்லை. அவன் போய்விடக்கூடாது என்பதற்காகக் காட்டிக்கொடுத்தாயே, அதுதான் எரிகிறது. நான் போனால் பரவாயில்லை என்று எப்போது முடிவு செய்தாய்?

புதன்கிழமை என் சொந்தப் பெயரில், என் போட்டோவோடு, உன் குரூப்பில் நானே எழுதினேன். "நான் மரிய ஜோசப், கடலூர் முதுநகர். ஜெனிபரைப் பற்றிய அந்த வரியை எழுதியவன் நான். அது பொய். என் நண்பன் என்னைவிட ஆன்டோவை மதிக்கிறான் என்ற பொறாமையில் எழுதினேன். ஆன்டோவுக்கு ஓட்டு இல்லை என்பது உண்மை. அவன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதும் உண்மை." இவ்வளவுதான் போட்டேன். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பதிவும் இல்லை, குரூப்பில் நானும் இல்லை. அட்மின் நீதான்.

அதற்குள் ஜெனிபர் படித்துவிட்டாளாம். என்ன சொன்னாள் என்று ஆன்டோவைக் கேட்டேன். "படிச்சா மாமா. போனைக் கவுத்து வச்சிட்டு எழுந்து போயிட்டா." அவள் இப்போது ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூடப் போவதில்லை. நம் ஊர்க்காரர்கள் அங்கே ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்களாம்.

இது உன் கைக்கு வரும்போது ஓட்டு முடிந்திருக்கும். ஆனாலும் என் பதிவைத் திருப்பிப் போடு. உன் கட்சிக்காகவும் வேண்டாம், எனக்காகவும் வேண்டாம். அந்தப் பெண் நாலு பேர் நடுவில் நிமிர்ந்து நடக்கவேண்டும்.

ஜோசப்


ஈஸ்ட் ஹாம், லண்டன்
27 ஜூன் 2016

அன்பு ஜோசப்,

ஜெயித்துவிட்டோம். விலகுவது என்று முடிவாகிவிட்டது. குரூப்பில் லட்டுப் படமாக வந்து குவிந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை காலை, வருஷக்கணக்காக என்னிடம் பால் வாங்குகிற வெள்ளைக்காரன் ஒருவன் சில்லறையை எடுத்துக்கொண்டு, நீ எப்போ ஊருக்குக் கிளம்புறே என்று கேட்டுவிட்டுப் போனான். விளையாட்டுக்குத்தான் கேட்டான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் பதிவை எடுத்தது நான்தான். ஓட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, விலகு என்பவர்கள் எல்லாம் பொய்யர்கள் என்று ஆகிவிடாதா? இப்போது அது முடிந்துபோன கதை. கிளறி என்ன ஆகப்போகிறது? ஆன்டோவிடம் சொன்னதை உன்னிடம் மறைத்தது தப்பு. நீ இப்படித்தான் கோபப்படுவாய் என்று தெரிந்துதான் மறைத்தேன்.

அவன் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டான். எதிர்வரிசைக் கடையில் வாங்குகிறான். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கையை ஆட்டுகிறான், உள்ளே வருவதில்லை. நீ சொன்னால் கேட்பான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லேன்.

இன்னொன்று. பவுண்டு ஒரே ராத்திரியில் விழுந்துவிட்டது. உன் ரூபாய்க் கணக்குப்படி வாங்கினால் என்னால் விற்க முடியாது. இந்த லோடை மட்டும் பழைய பவுண்டு விலைக்கே, ஓட்டுக்கு முன்பு கொடுத்த அதே பவுண்டுக்கே அனுப்பு. நமக்குள் பேசித் தீர்க்க முடியாதது என்ன இருக்கிறது?

உன்
சபேஷ்


கடலூர் முதுநகர்
6 ஜூலை 2016

திரு. சபேஷ் அவர்களுக்கு,

வணக்கம். 27-ஆம் தேதியிட்ட தங்கள் கடிதம் கிடைத்தது.

ஆன்டோவிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருந்தீர்கள். சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மனசு எனக்குக் கிடையாது. அவன் உங்கள் கடைக்குத் திரும்ப வந்தாலும் எனக்கு எரியும், வராவிட்டாலும் நீங்கள் கண்ணாடி வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருப்பது எரியும். ஆகவே அந்த வேலைக்கு நான் ஆள் இல்லை.

மேரி நலம். என்னோடு பேசுகிறாள், தேவைக்கு மட்டும்.

லோடு விஷயம். முந்தாநாள் போனில் ஒரு வழியாக நீங்கள் ஒத்துக்கொண்டதை, பிறகு பேச்சு மாறக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முழு முந்திரிப் பருப்பு, 320 ரகம், சென்னைத் துறைமுகத்தில் ஏற்றுவது என் பொறுப்பு. விலை நீங்கள் கேட்டபடி பழைய பவுண்டு விலை. நஷ்டம் என்னுடையது. அதற்குப் பதில் என் பதிவு குரூப்பில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கவேண்டும். அதன் அடியில் உங்கள் பெயரில், அந்தப் படத்தைப் போட்டது நான்தான், விசா சேதிக்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை என்று நீங்கள் எழுதவேண்டும். இரண்டும் குரூப்பில் ஏறிய அன்று லாரி இங்கிருந்து கிளம்பும். பதிவை எப்போது எடுப்பது என்று ஜெனிபர் சொல்வாள், நீங்களோ நானோ அல்ல.

பழைய விலை இந்த ஒரு லோடுக்கு மட்டும். அடுத்ததிலிருந்து ரூபாயில், வாரச் சந்தை விலை, முழுப் பணமும் முன்கூட்டி, மற்ற எல்லாருக்கும் போல.

இப்படிக்கு,
எம். மரிய ஜோசப்