மாற்றிப் போட்ட வயது

பாவா,

எட்டு மணி ரயிலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன். ரசம் அடுப்பின் மேல் இருக்கிறது. சாவி பக்கத்து வீட்டு நஸியாவிடம். நம் பாப்பா இன்னும் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில்தான், மூச்சு வாங்குகிறது.

கர்ப்பக் கார்டை யாரிடமும் தராமல் நீங்களே வைத்திருந்தது ஏனென்று நேற்றுதான் புரிந்தது. அதில் என் வயது 34. எனக்கு 43. கை தவறி மாறிவிட்டது என்று சொல்லாதீர்கள். "இந்த வயசுல புள்ளையான்னு நாலு பேர் சிரிப்பாங்க" என்று கார்டு போட்ட அன்றைக்கே சொன்னீர்கள்.

"வயசு தெரிஞ்சிருந்தா அப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருப்போம்மா" என்றார் டாக்டர். மூச்சுக்குத் தவிப்பது பாப்பா.

அம்சா

கொடியில் பாப்பா துணி, மழை வந்தால் எடுங்கள்.

பிறப்புப் பதிவுக்கு உங்கள் வயதும் கேட்டார்கள். நாற்பத்தொன்பது என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.