பெரட்டுக் குரல்

என் பிரியமானவளுக்கு,

உடம்புக்குக் குறைவில்லை. வாத்தியார் வேலை பழக இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்து ஒரு மாதமாகியும் போன வாரம்வரை வகுப்பு என் சொல்லுக்கு அடங்கவில்லை. அதட்டினேன், கெஞ்சினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

பெரட்டு என்று இங்கே சொல்லும் விடியற்காலை ஆள்கணக்கில், வேலை வாங்கும் கங்காணி ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, இதே பிள்ளைகள் பெற்றவர்களோடு மூச்சுவிடாமல் நிற்பதைப் பார்த்தேன். இந்தத் திங்கட்கிழமை கங்காணியின் அதே குரலில் வகுப்பில் பெயர் கூப்பிட்டேன். அடங்கிவிட்டார்கள். தோட்டத்துத் துரைகூட மெச்சினார்.

அதற்குப் பிறகு யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. ஓயாமல் வாயாடும் முத்தாயி இன்று சிலேட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

"என்னம்மா வேணும்?" என்றேன்.

தரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "தண்ணி குடிச்சிட்டு வரட்டுங்களா, கங்காணி ஐயா?"

நம் மகளிடம் அப்பா வாத்தியார் என்று சொல்லிவைக்காதே.

உன் கணவன்