நீலக் கிண்ணம்

மார்ச் 10, 1999, புதன்

விடாத மழை. நூலக நாள். பத்து மணிக்குக் கோட்டு, பை எல்லாம் மாட்டிக்கொண்டு ஜன்னலில் நின்றேன். எதிர் வீட்டு சல்மாவின் கார் கிளம்பியது. ஹார்ன் இல்லை. இது இரண்டாவது வாரம்.

நூலகத்தில் அவளுக்கு ஆங்கில வகுப்பு. எனக்கு ஓட்டத் தெரியாது என்பதால் கூட அழைத்துப்போவாள். வார நாட்களில் நான் வெளியே போவது அந்த ஒரு நாள்தான். என்ன செய்துவிட்டேன் என்று தெரியவில்லை.

புத்தகங்களின் கெடு நாளையோடு முடிகிறது. பால் வாங்க வேண்டும்.

மார்ச் 11, வியாழன்

துணி துவைக்கும் அறையில் மாடி வீட்டு வசந்தா ஆன்ட்டி. டிரையரில் துணியைத் திணித்தபடியே கேட்டார்.

“ஏம்மா, சல்மாவோட கிண்ணம் ஏதாவது உன்கிட்ட இருக்கா? நம்மாளுங்க பாத்திரத்தைத் திருப்பித் தர மாட்டாங்களான்னு என்னைக் கேக்கறா. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

நீலப் பூப்போட்ட கிண்ணம். ஜனவரியில், அவர்கள் பெருநாளன்று, கொண்டைக்கடலை அரைத்த ஹம்மஸ் நிறைய வைத்துக் கொடுத்தாள். நானும் செந்திலும் சப்பாத்தியோடு வழித்துத் தின்றோம். கழுவி ஃப்ரிட்ஜின் தலைமேல் வைத்தேன். வெறும் கிண்ணத்தை எப்படிக் கொடுப்பது? கேசரி என்று நினைத்தேன், அவளுக்குச் சர்க்கரை. வடை சுட்டால் ஸ்மோக் அலாரம் அலறும். அப்படியே தள்ளிப்போயிற்று.

பிப்ரவரியில் ஒருநாள் காரில், அந்தக் கிண்ணம் அவள் அம்மாவுடையது, டமாஸ்கஸிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தது என்றாள். ரொம்ப அழகு என்று சொன்னேன். அப்போதே திருப்பிக் கேட்டிருக்கிறாள். எனக்கு உறைக்கவில்லை.

மார்ச் 12, வெள்ளி

ஹம்மஸே செய்து கொடுப்பது என்று முடிவு. சாப்பிட்டோம், பிடித்தது என்றாவது தெரியட்டும்.

வெ. கொண்டைக்கடலை – ஊறப் போட்டாயிற்று
எலுமிச்சை 3
பூண்டு
வெள்ளை எள் – இருக்கிறது
ஆலிவ் எண்ணெய் – செந்தில் வாங்கி வர

செந்தில்: “கடைல டப்பால விக்குதே. வாங்கிக் கிண்ணத்துல கவுத்துக் குடுத்துடேன். கண்டுபிடிக்கவா போறாங்க?”

கண்டுபிடிப்பாள்.

மார்ச் 13, சனி

வெயில், ஆனால் குளிர். காலை முழுதும் அடுப்படி.

சோடா உப்பு போட்டுக் குக்கரில் கடலை. குழைந்தது. தோலை எடுக்க வேண்டும் என்று சல்மா சொன்ன நினைவு. தண்ணீரில் போட்டுக் கசக்கினால் தோல் மிதக்கிறது. பாதிக்கு மேல் பொறுமை இல்லை.

எள்ளைப் பொடிக்கு வறுப்பதுபோல் வெடிக்கும்வரை வறுத்துவிட்டேன். அரைத்தால் சேற்று நிறம், கசப்பு. கொட்டிவிட்டு மறுபடி, லேசாகச் சூடு காட்டி. இந்த முறை வெண்ணெய் மாதிரி. ஊர் மிக்ஸி சூடேறி நாற்றம் அடித்தது; நிறுத்தி நிறுத்தி, ஐஸ் தண்ணீர் விட்டு. பூண்டு, எலுமிச்சை, உப்பு. விரலால் தொட்டு நக்கினேன். அதே ருசி. சந்தோஷமாக இருந்தது.

கிண்ணத்தில் வழித்து வைத்தேன். செந்தில் ஃபோன் பில் எங்கே என்று கேட்டார். டிராயரில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, கைப்பழக்கத்தில் தாளித்துக் கொட்டிவிட்டேன். கடுகு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. சுர்ரென்றபோதுதான் தெரிந்தது.

“கெட்டிச் சட்னி ரெடி. இட்லி எங்க?” என்றார். சிரிக்க முடியவில்லை. வேறு கடலை இல்லை. மேலாக வழித்துப் பார்த்தேன். கறிவேப்பிலை வந்தது, பெருங்காயம் போகவில்லை.

மார்ச் 14, ஞாயிறு

கொண்டுபோனேன்.

சல்மா கதவைத் திறந்ததும் கிண்ணத்தைத்தான் பார்த்தாள். வாங்கி, விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினாள். விரிசல் தேடுகிறாள் என்று புரிந்தது. எங்கள் வீடுகளில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை, எதை வைப்பது என்று தெரியாமல் இரண்டு மாதம் ஓடிவிட்டது என்று சொன்னேன். சொல்லும்போதே அசட்டுத்தனமாக இருந்தது. மன்னிப்பும் கேட்டேன்.

“ஆல் திஸ் டைம்... ஃபார் தட்?” என்றாள்.

உள்ளே கூப்பிட்டாள். அவள் கணவர் கடுகைக் காட்டி, இது மிளகுதானே என்றார். சல்மா ரொட்டியைக் கிள்ளித் தோய்த்து, வெகுநேரம் மென்றாள். “திஸ் இஸ் நாட் ஹம்மஸ்,” என்றாள். இன்னொரு துண்டு கிள்ளினாள்.

புதன்கிழமை பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 16, செவ்வாய்

அம்மாவுக்கு ஃபோன். லைன் கிடைக்கவில்லை. மிக்ஸி பிளேடு கழன்றுவிட்டது. நாளைக்குப் பையை எடுத்து வைக்கவா, வேண்டாமா? வைத்தேன்.

மார்ச் 17, புதன்

மூட்டம். பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஹார்ன். ஷூ லேஸ் கட்டாமல் ஓடினேன். முன் சீட்டில் நீலக் கிண்ணம், ஃபாயில் மூடி, உள்ளே ஏதோ சூடாக. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“டுநைட்,” என்றாள் சல்மா, கண்ணாடியைப் பார்த்து ரிவர்ஸ் எடுத்தபடி. “எம்ப்டி. ஓகே?”

புத்தகங்களுக்கு அபராதம் கட்டினேன். கிண்ணத்தைக் கழுவித் துடைத்தாயிற்று. இதோ, கொடுக்கப் போகிறேன். வெறுமையாகத்தான்.