என் மகளுக்கு வாசிக்கத் தெரியாது என்று பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
கலாவதி த/பெ ரெங்கசாமி,
வீடு எண் 14, இரண்டாவது டிவிஷன்,
பெல்மோர் தோட்டம்,
கோலா சிலாங்கூர், சிலாங்கூர்.

பெறுநர்:
தமிழ்ப்பள்ளிகள் அமைப்பாளர் அவர்கள்,
மாவட்டக் கல்வி இலாகா.

பொருள்: படிவம் ஒன்று (இடைநிலைப்பள்ளி முதலாண்டு) மாணவி லோஷினி த/பெ கணேஸ்வரன் (வயது 13) ஆறாம் ஆண்டில் பெற்ற வாசிப்பு அடைவுநிலை தவறானது என ஏற்று, அவளை நேரில் சோதித்து, புகுமுக வகுப்பில் சேர்க்க வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் லோஷினியின் தாய். தோட்டத்துச் செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறேன். எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஆறு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். பிள்ளைக்குக் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று தங்களிடம் வரும் பெற்றோர் பலர் இருப்பார்கள். கூட்டிப் போட்டுவிட்டார்கள் என்று வருகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தயவுசெய்து இதைக் கடைசி வரை வாசிக்க வேண்டுகிறேன்.

2. சென்ற மாதம் தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியின் உதவியோடு மலாய்மொழியில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன். மாணவி தமிழிலும் மலாயிலும் ஆறில் நான்காம் அடைவுநிலையில் இருப்பதால், மொழியில் பின்தங்கியவர்களுக்கான புகுமுக வகுப்புக்குத் தகுதியில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பதிவை வைத்துப் பார்த்தால் பதில் சரிதான். பதிவுதான் பொய். அந்தப் பொய்யில் எனக்குள்ள பங்கைக் கிராணியிடம் சொன்னால் தோட்டம் முழுக்கப் பரவிவிடுமே என்று அந்தக் கடிதத்தில் மறைத்துவிட்டேன். இனி மறைக்க முடியாது. ஆகவே இதை என் கையாலேயே தமிழில் எழுதுகிறேன்.

3. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது லோஷினி இரண்டாம் ஆண்டில் இருந்தாள். எங்கள் டிவிஷனில் இணையம் ஒழுங்காகக் கிடைக்காது. ஆசிரியை பாடங்களைத் தம் குரலில் பதிவு செய்து என் கைப்பேசிக்கு அனுப்புவார். இவள் இரண்டு முறை கேட்பாள். பிறகு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கடகடவென்று சொல்வாள். விரல் வரிக்கு வரி நகரும். புரட்ட வேண்டிய இடத்தில் பக்கமும் புரளும். என் பிள்ளை வாசிக்கிறாள் என்று நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பள்ளி திறந்த பிறகும் இது வெளிவரவில்லை. எங்கள் பள்ளியில் மொத்தமே பத்தொன்பது பிள்ளைகள். நான்காம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும் ஒரே அறையில், ஒரே ஆசிரியையிடம் படிக்கின்றன. நான்காம் ஆண்டு மேசையில் உட்கார்ந்துகொண்டே ஐந்தாம் ஆண்டுப் பாடத்தையும் காதில் வாங்கிவிட்டாள். மறு ஆண்டு அவள் முறை வந்தபோது எல்லாமே அவளுக்குக் கேட்ட பாடம். கரும்பலகையில் இருப்பதை அச்சுப்போல் பார்த்து எழுதுவாள். யாருக்குச் சந்தேகம் வரும், ஐயா?

4. ஐந்தாம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை எனக்குத் தெரிந்தது. பாடப் புத்தகத்தில் மைலோ பானம் கொட்டி இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒட்டிப்போன பக்கங்களில் இருந்ததையும் அவள் நிறுத்தாமல் “வாசித்தாள்”. விரல் வேறு பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் பிஸ்கட் டின்னை எடுத்து, அதில் இருப்பதை வாசிக்கச் சொன்னேன். அவள் டின்னைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். “எழுத்தெல்லாம் ஆடுதும்மா. நீ ஒரு வாட்டி சொல்லு, நான் அப்படியே சொல்லிர்றேன்” என்றாள்.

5. அன்றே பள்ளிக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளை சேர்க்க நான் வீடு வீடாகப் போவேன். போகும்போது லோஷினியையும் கூட்டிப்போய்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். சின்னப் பள்ளியில் படித்த பிள்ளை எப்படி வாசிக்கிறது பாருங்கள் என்பேன். அதைப் பார்த்து நான்கு குடும்பங்கள் பிள்ளைகளைச் சேர்த்தன. செயலாளரின் மகளுக்கே எழுத்து தெரியாது என்று வெளியே வந்தால் பள்ளி என்னாவது என்று பயந்தேன். பள்ளியை விட என் பெயர் என்னாவது என்றுதான் அதிகம் பயந்தேன். அதற்குப் பிறகு வீட்டுப்பாடங்களை நான் பென்சிலால் மெல்லிதாக எழுதிக் கொடுப்பேன். அவள் அதன் மேல் பேனாவால் எழுதுவாள்.

ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியை திருமதி புஷ்பா கண்டுபிடித்துவிட்டார். இரண்டாம் நிலைதான் போட முடியும், மருத்துவமனையில் காட்டிச் சோதிக்க வேண்டும், புகுமுக வகுப்புக்கு எழுதுகிறேன் என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “டீச்சர், ஒரு நாலு போட்டுடுங்க லா, வீட்டுல வச்சு நான் பார்த்துக்குறேன்” என்று மூன்று நாள் விடாமல் கேட்டேன். ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு இருந்த காலமாக இருந்தால் என் அழுகை பலித்திருக்காது. தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்பதைப் படித்தவர்கள் பேசட்டும். ஒரு தாய் அழுதால் மாறிவிடும் எண்ணை வைத்து ஒரு பிள்ளையின் வழியை முடிவு செய்யக்கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

6. பிப்ரவரியில் இடைநிலைப்பள்ளிக்குப் போனாள். மலாய்மொழி ஆசிரியர் எழுந்து வாசிக்கச் சொன்னார். அவளுக்கு யாரும் முன்கூட்டி வாசித்துக் காட்டாத புத்தகம். பாடம் முடியும்வரை நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அந்த வாரத்தோடு பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். என் கணவர் கணேஸ்வரன் லோரியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் விட்டும் பார்த்தார். இறங்க மறுத்துவிட்டாள். மூன்றாவது எச்சரிக்கைக் கடிதமும் வந்துவிட்டது. மே மாதம் 16ஆம் தேதிக்குள் திரும்பாவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று அதில் உள்ளது. இப்போது என்னோடு நாற்றுப் பண்ணைக்கு வந்து பையில் மண் நிரப்புகிறாள். வேலையில் கெட்டிக்காரி என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பாராட்டுகிறார். அதைக் கேட்கவே பயமாக இருக்கிறது, ஐயா. எழுத்து தெரியாமல் இந்தப் பண்ணைக்குள் நுழைந்துவிட்டால் அவள் வெளியே வரமாட்டாள்.

7. ஆகவே தாங்கள் அவளை ஒரே ஒரு முறை நேரில் வரவழைத்துச் சோதிக்க வேண்டும். முடிவு தெரியும்வரை அவள் பெயரை நீக்காமல் இருக்க இடைநிலைப்பள்ளிக்கு எழுத வேண்டும். புகுமுக வகுப்போ, குறைநீக்கல் வகுப்போ, ‘அ’விலிருந்து சொல்லித்தரும் ஏதோ ஒரு வகுப்பில் அவளைச் சேர்க்க வேண்டும். தம்பி தங்கை வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தாலும் சம்மதம்.

சபாக் பக்கம் மாற்றலாகிப் போய்விட்ட திருமதி புஷ்பா மீது நடவடிக்கை வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அவர் சொன்னது சரி, நான்தான் கேட்கவில்லை. தண்டிக்க ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். அந்த நான்கு வீடுகளுக்கும் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

8. கடைசியாக ஒன்று. அவளைப் பற்றியது என்பதால் இந்த மனுவை நேற்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை கேட்டாள். இன்று காலையில் முதலிலிருந்து கடைசிவரை ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிட்டாள். ஆகவே சோதிக்கும்போது தயவுசெய்து இந்த மனுவை மட்டும் அவள் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். நன்றாக வாசிக்கிறாளே என்று மறுபடியும் அனுப்பிவிடுவீர்கள்.

பதினாறாம் தேதிக்குள் ஒரு பதில் வரும் என்ற நம்பிக்கையோடு,

(கையொப்பம்)
கலாவதி த/பெ ரெங்கசாமி

இடம்: பெல்மோர் தோட்டம்
நாள்: 5 மே 2025