ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்

மார்ச் 4, செவ்வாய்

டாக்டர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் முனகுகிறது என்று புகார். என் உதவியாள் மீசையும் நானும் காலையிலேயே போய்விட்டோம். முனகலைக் கேட்டதுமே சொல்லிவிட்டேன், பக்கத்து இரும்புத் தடத்தில் எண்ணெய் வற்றியிருக்கிறது என்று. மீசை நம்பவில்லை. பிரித்துப் பார்த்த பிறகு நம்பினான். இத்தனை வருஷம் இதே தொழில் பார்த்தவனுக்குக் காதுதான் கருவி.

வீட்டுக்கு வந்தால் குளியலறையிலிருந்து இன்னொரு முனகல். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு என் மனைவி இங்கிலீஷ் பேசுகிறாள். அவள் மருத்துவமனையில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வரவேற்பு மேஜையில் ஓர் இடம் காலியாம். அதற்கு இங்கிலீஷில் நேர்முகம் வைப்பார்களாம். செருப்புக்கடை மாடியில் நடக்கும் வகுப்புக்குப் போகிறாள். போகட்டும், நல்லதுதான்.

இப்போது நடக்கும் பாடம், வாழ்க்கையில் இதுவரை என்னென்ன செய்திருக்கிறோம் என்று சொல்லுவது. "ஹேவ் யூ எவர்" என்று அவளே கேட்டு அவளே பதில் சொல்லிக்கொள்கிறாள். லிஃப்ட் கம்பெனிப் புத்தகங்களைப் படித்துப் படித்து எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் புரியும். அவள் பனி பார்த்ததில்லை. குதிரை ஏறியதில்லை. கப்பலில் போயிருக்கிறாள்.

கப்பலிலா? எப்போது? யாரோடு?

வெளியே வந்ததும் கேட்டேன். "சின்ன வயசுல, எங்கப்பாவோட. நீங்க கேட்டதே இல்லையே" என்றாள். கப்பலில் போயிருக்கிறாயா என்று எந்தப் புருஷன் பெண்டாட்டியைக் கேட்பான்?

மார்ச் 6, வியாழன்

அந்த வகுப்பில் ஒரு கூத்து நடக்கிறது. ஜோடி ஜோடியாக உட்கார வேண்டுமாம். ஒருவர் வாழ்க்கையை மற்றவர் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு எழுந்து நின்று வகுப்புக்கு அதைச் சொல்ல வேண்டுமாம். அதாவது என் மனைவியின் கதையை இன்னொருவர் சொல்லுவார்.

"உன் ஜோடி யாரு?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"பஸ் ஸ்டாப் எதிர்ல கண்ணாடிக்கடை வச்சிருக்காரே, அவரு. பாவம், சம்சாரம் தவறிட்டாங்க."

அந்தப் 'பாவம்' எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 8, சனி

இன்று வகுப்பிலிருந்து தாமதமாக வந்தாள். "பேசிக்கிட்டே இருந்துட்டோம்" என்றாள். 'இருந்துட்டோ'மாம், ரெண்டு பேருமா! வீட்டில் என்னோடு பேசினால் கேஸ் தீர்ந்துபோச்சு, குழாய் ஒழுகுது, இவ்வளவுதான். அங்கே போய் என்ன அப்படிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்?

சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பயிற்சி. நான் கூடத்தில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாளாம். பேப்பரை மடக்கிவிட்டேன்.

"நீ எதுக்குப் போலீஸ் ஸ்டேஷன் போனே?"

"நீங்க பர்ஸைத் தொலைச்சீங்களே, யாரு போய் எழுதிக் குடுத்தது? நீங்க காய்ச்சல்னு படுத்துக்கிட்டீங்க."

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று கேட்டதை அப்படியே தமிழில் எழுதிவைக்கிறேன், நாளைக்கு எனக்கே சந்தேகம் வராமல் இருக்க. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் படிக்கட்டில். நிறுத்தி நிறுத்தி, இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னாள்:

'நான் என் கணவரிடம் ஒரு பெரிய பொய் சொல்லியிருக்கிறேன். அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.'

சத்தம் போடாமல் இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

என்ன பொய்? வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

மார்ச் 12, புதன்

மீசையிடம் மெதுவாக எடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒருத்தர், அவர் மனைவி இப்படி ஒன்று சொன்னாள், அவர் என்ன செய்ய வேண்டும் என்று.

மீசை ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, "அந்த ஒருத்தரும் லிஃப்ட் வேலைதான் பாக்கறாராண்ணே?" என்றான்.

"போடா."

"கேட்டுட வேண்டியதுதானே? மனசுல வச்சுக்கிட்டு ஏன் கெடந்து அல்லாடறாரு அவரு?"

கேட்கலாம். கேட்டால், படிக்கட்டில் ஒளிந்துகொண்டு கேட்டேன் என்று தெரிந்துவிடும். அதைவிட, அவள் பதில் சொல்லிவிட்டால்? ஒன்றுமில்லை என்றால் நம்பமாட்டேன். உண்டு என்றால் தாங்கமாட்டேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

மார்ச் 15, சனி

ஆனது ஆகட்டும் என்று கண்ணாடிக்கடைக்கே போய்விட்டேன். கண் பரிசோதனை என்று சொல்லி.

ஆள் என்னைவிடக் குள்ளம். தலையில் முடி கொஞ்சம்தான். ஆனால் குரல், அடேயப்பா, வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி. என் தாடையை மிஷினில் வைக்கச் சொல்லிவிட்டு, எதிரில் எழுத்தைக் காட்டி, "இது தெளிவா தெரியுதா, முன்னாடி வச்சது தெளிவா தெரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உளவு பார்க்கப் போனவன் நான். அசையாமல் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பேர் எழுதும்போதுதான் யார் என்று கண்டுகொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. "அடடே, நீங்களா! வீட்ல உங்களைப் பத்தி நெறைய சொல்லியிருக்காங்க."

"என்ன சொல்லியிருக்கா?"

"உங்கம்மா நாலு வருஷம் படுக்கையில இருந்தாங்களாமே. ரெண்டு பேருமா எப்படிப் பாத்துக்கிட்டீங்கன்னு சொன்னாங்க."

எனக்கு அப்போது ஒரு வீம்பு. இந்த மனிதரிடம் நான் யார் என்று காட்ட வேண்டும்போல் இருந்தது. "கடைசி மூச்சுல எங்கம்மா என் பேரைத்தான் சொன்னாங்க. எனக்கு ஒரு அண்ணன் இருக்கான். அவன் பேரு அவங்க வாயில வரவே இல்லை" என்றேன். இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அண்ணனிடமும்தான். அம்மாவின் உடலை எடுத்துக்கொண்டு போன அன்று அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். ஆறு வருஷமாக அவன் என்னோடு பேசவில்லை.

கண்ணாடிக்காரர் "குடுத்துவச்சவர்" என்றார். அவ்வளவுதான். மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை. எனக்குப் படிப்பதற்குக் கண்ணாடி வேண்டுமாம். அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

அவளிடம் ஒரு மாற்றமும் இல்லை. டிபன் பாக்ஸ் கட்டித் தருகிறாள், சட்டைக்குப் பட்டன் தைக்கிறாள், இங்கிலீஷ் பேசுகிறாள். லிஃப்டில்கூட அப்படித்தான், சத்தமே இல்லாமல் ஓடுகிறதைத்தான் நான் முதலில் திறந்து பார்ப்பேன்.

மார்ச் 22, சனி

வகுப்பின் கடைசி நாள். வீட்டு ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், பிஸ்கட், டீ. நான் கடைசி வரிசையில், கதவுப் பக்கம்.

கண்ணாடிக்காரர் எழுந்தார். அந்தக் குரலில் என் மனைவியின் வாழ்க்கையை இங்கிலீஷில் சொன்னார். இவர் கப்பலில் போயிருக்கிறார். ஒரு மகளைப் படிக்கவைத்து வெளியூருக்கு வேலைக்கு அனுப்பியிருக்கிறார். ஆயிரக்கணக்கான நோயாளிகளின் போர்வைகளை வெளுத்திருக்கிறார், அவர்களில் ஒருவரின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அதனால்தான் வரவேற்பு மேஜைக்குப் போக ஆசைப்படுகிறார். இதை என்னிடம் அவள் சொன்னதே இல்லை. சம்பளம் கூடுதலாக வரும் என்றுதான் போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

கடைசியில், "இவர் கணவரிடம் இதுவரை ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறாராம். ஒன்றே ஒன்று! யாராவது நம்புவீர்களா?" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. டீச்சர் கைதட்டுகிறாள். மனைவி தலையைக் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். சிரிக்காதவர்கள் அவளும் நானும்தான்.

வரும் வழியில் நடுத்தெருவிலேயே கேட்டுவிட்டேன். "என்ன பொய்?"

"விடுங்க."

"அந்தாளுக்குத் தெரியும், எனக்குத் தெரியக்கூடாதா? ஊரே சிரிக்குது!"

"அவருக்கும் தெரியாது. சொல்லியிருக்கேன்னு மட்டும்தான் சொன்னேன். என்ன பொய்னு அவர் கேக்கலை. மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

"அப்போ எனக்கு மரியாதை தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியாம இருக்கறதுதான் உங்களுக்கு நல்லது."

யாரடி அவன்னு கேட்டுட்டேன். வாயில வந்துடுச்சு. இத்தனை வருஷத்துல கேக்காத கேள்வி. அவ நின்னா, என்னைப் பாத்தா, பிறகு வேகமா நடந்து எனக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிட்டா.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டாள்.

காலையில் நான் டீ வேண்டாம் என்றேன். டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அழவில்லை. சலவைக்கு வந்த துணியை எண்ணி வைப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"உங்கம்மா கடைசியா கூப்பிட்டது உங்களை இல்லை. உங்கண்ணனை. நீங்க மருந்துக்கடைக்குப் போயிருந்தீங்க. 'பெரியவன் வந்துட்டானா, பெரியவன் வந்துட்டானா'ன்னு கேட்டாங்க. வந்துட்டிருக்காருன்னு சொன்னேன். அப்படியே போயிட்டாங்க. நீங்க மருந்தைக் கையில வச்சுக்கிட்டு வந்து நின்னீங்க. 'என்னைக் கேட்டாங்களா'ன்னு கேட்டீங்க. நாலு வருஷம் தூக்கிச் சுமந்த மனுஷன். என்னன்னு சொல்லச் சொல்றீங்க?"

நான் டம்ளரைத் தள்ளிவைத்தேன்.

"ஆமா, உங்க பேரைத்தான் சொன்னாங்கன்னேன். அதுக்கு நான் வருத்தப்பட்டதே இல்லை. ஆனா அதை எடுத்துக்கிட்டுப் போய் உங்கண்ணன் மூஞ்சியில அடிப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. அவள்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினாள்.

மார்ச் 25, செவ்வாய்

நேற்று முழுவதும் அவள்மேல் கோபம். இன்று அம்மாமேல். குளிப்பாட்டியது நான், தூக்கி உட்காரவைத்தது நான். மாதத்துக்கு ஒருமுறை போன் செய்கிற பெரியவனைத்தான் தேடினாயா? செத்துப்போனவளோடு சண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.

அந்தப் பொய் கண்ணாடிக்காரரைப் பற்றியதாகவே இருந்திருந்தால் தேவலை என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. என்ன ஜென்மம் நான்!

மார்ச் 27, வியாழன்

இப்போது எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறேன். அவளிடம் கேட்டேன்: "நான் நல்லாப் பாத்துக்கிட்டேன்னு அம்மா சொன்னதா சொல்லுவியே, அதுவும் நீயா சேத்துக்கிட்டதுதானா?"

"அது நெஜம். பக்கத்து வீட்டம்மாகிட்டகூடச் சொல்லியிருக்காங்க. வேணும்னா போய்க் கேட்டுட்டு வாங்க."

எழுந்து வாசல்வரை போய்விட்டேன். அவள் பின்னாலிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். எனக்கும் வெட்கமாகச் சிரிப்பு வந்தது. அன்றைக்குத் தெருவில் கேட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். "அதை நான் அவ்வளவு சீக்கிரம் மறக்கமாட்டேன்" என்றாள். மறக்கமாட்டாள்தான்.

ஏப்ரல் 2, புதன்

அவளுக்கு நேர்முகம் முடிந்தது. நன்றாகப் பேசினாளாம். முடிவு அடுத்த வாரம்.

இன்று அண்ணனுக்குப் போன் போட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. எத்தனை முறை போனை எடுத்து எடுத்து வைத்தேன்! அண்ணன் 'ஹலோ' என்றதும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நான் சொன்னது தப்பு, அம்மா கடைசியாகக் கூப்பிட்டது உன்னைத்தான், எனக்கே இப்போதுதான் தெரியும்.

அங்கே டி.வி.யை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "இப்ப எதுக்கு இதைச் சொல்றே? என்ன வேணும் உனக்கு? வீட்டுப் பத்திரத்துல கையெழுத்தா?" என்றான்.

எங்கள் குடும்ப ரத்தமே அப்படி. அவனைக் குற்றம் சொல்ல எனக்கென்ன யோக்கியதை?

"ஒண்ணும் வேணாம்ணா" என்றேன். வைத்துவிட்டான்.

கையிலிருந்த ஒன்றே ஒன்றையும் தூக்கிக் கொடுத்தாயிற்று. இப்போது என்னிடம் அம்மாவுடையது என்று எதுவும் இல்லை. அவன் நம்பவுமில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

மதியம். மொட்டைமாடியில் மோட்டார் அறை நிழலில் டிபன் பாக்ஸைத் திறந்தேன். போன். அண்ணன்.

"அம்மா என்னைக் கூப்பிட்டப்போ நீ எங்கடா இருந்தே?"

"மருந்துக்கடையில."

"கிளம்பறப்போ உன்கிட்ட என்ன சொன்னா?"

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆறு வருஷமாக அந்த இடத்தில் மனைவி கொடுத்ததை வைத்திருந்தேன். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. எரிச்சலோடு "சரி சரி" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"மழை வரும்போல இருக்கு, குடையை எடுத்துக்கிட்டுப் போடான்னா."

வைத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

"எடுத்துக்கிட்டுப் போனியா?"

"இல்லை. தொப்பலா நனைஞ்சுதான் வந்தேன்."

மூக்கை உறிஞ்சினான். "அவ சொன்ன பேச்சை என்னைக்காவது கேட்டிருக்கியாடா நீ?"

"இல்லைண்ணா. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை."