பனிக்கடியில் ஆங்கில வகுப்பு

நாள் 141. காலை 07:10

வியாழனின் நிலா யூரோப்பா, மூன்றாம் துளைமுகாம். எழுதுவது உலகம்மாள், துளைக்கருவி இயக்குபவள். வெளியே மைனஸ் நூற்று அறுபது, உள்ளே பதினெட்டு. காலடியில் பனியின் கனம் நாற்பது மீட்டர். அதற்குக் கீழே கடல். எல்லாம் வழக்கம்போல.

முகாமில் நான் ஒருத்திதான். கூட இருந்த மரகதவேல் குடல்வால் வலியோடு போன கப்பலில் ஏறிவிட்டான். இருவருக்குமாகச் சேர்த்து ஆங்கிலம் பேசியவனும் அவன்தான். அடுத்த கப்பல் ஐம்பத்திரண்டு நாளில் வருகிறது. ஒன்பது பேர், தலைவி ஹெலன். ஒருவருக்கும் தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. கப்பல் இறங்கும்போது ரேடியோவில் பேசித்தான் வழிகாட்ட வேண்டும் என்பது விதி. போன வாரம் ஹெலன் ஏதோ கேட்டதற்கு 'எஸ், எஸ்' என்றேன். அவள் கேட்டது, உனக்கு உடம்பு சரியில்லையா என்பதாம்.

மரகதவேல் விட்டுப்போன படப்பெட்டியில் பதினொரு ஆங்கிலப் படமும் அறுபது பாட்டும் இருக்கின்றன. இன்று முதல் பாடம்.

நாள் 144. மாலை 16:30

ஒரு வசனம் ஓட விடுகிறேன். நிறுத்தி மூன்று முறை சொல்கிறேன். நோட்டில் எழுதுகிறேன். படத்தைவிடப் பாட்டு மேல்; நாக்கு தானாக வளைகிறது. ஆனால் அறை ஸ்பீக்கர் கிழிந்து, பாடுவது கொசு மாதிரிக் கேட்கிறது.

அப்பாவிடம் புலம்பி அனுப்பியிருந்தேன். கடையநல்லூரில் அவருக்கு மைக் செட் கடை. காதுகுத்து வீடு என்றால் மூன்று தெருவுக்குக் கேட்க வேண்டும் அவருக்கு. பதில் வந்தது: "ஏளா, ஸ்பீக்கர் பொட்டியப் பாக்காத. ஆம்ப்ளிஃபயரப் பாரு. அம்புட்டுப் பெரிய முகாம்ல பெருசா ஒண்ணு இருக்கும்லா?"

இருக்கிறது. பனியின் கனத்தை அளக்கும் ஒலிமானியுடையது. கீழே சத்தம் அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடும் கருவி. அதில் படப்பெட்டியை மாட்டினேன். விதிப்படி தப்பு. ஆனால் முகாமின் சுவர் மொத்தமும் பாடுகிறது. வாய் தானாக 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்றது. மைக் செட்காரர் மகள் வேறு என்ன சொல்வாள்.

சத்தம் கீழே கடலுக்கும் போகும். போகட்டும், அங்கே யார் தூங்குகிறார்கள்.

நாள் 158. காலை 07:15

நூற்றிருபது சொற்றொடர் ஆகிவிட்டது. 'நெவர் மைண்ட்' என்றால் பரவாயில்லை விடு. 'மேக் யுவர்செல்ஃப் அட் ஹோம்' என்றால் உங்கள் வீடு மாதிரி இருங்கள். விருந்தாளியை உட்காரவைத்துவிட்டுச் சொல்வது. ஹெலனுக்கு இதைச் சொல்லத்தான் காத்திருக்கிறேன்.

பனியின் கனம் முப்பத்தாறு என்கிறது ஒலிமானி. கம்பியை நான் குடைந்ததில் கருவி உளறுகிறது. அறிக்கையில் நாற்பது என்றே போட்டேன். உண்மையை எழுதினால் கம்பியைப் பற்றிக் கேட்பார்கள்.

நாள் 167. மதியம் 13:20

பாட்டு முடிந்து இரண்டு நிமிடம் கழித்து அதன் கடைசி வரி கீழிருந்து திரும்ப வந்தது. கடலடித் தரையில் பட்டு வரும் எதிரொலி. கணக்கும் சரியாக இருக்கிறது. பாட்டு திரும்பி வருவது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன். இருபத்தாறு நாளாக இந்த முகாமுக்குள் எனக்கு யாரும் பதில் பேசவில்லை.

கனம் முப்பத்தொன்று. அறிக்கையில் நாற்பது.

நாள் 172. மதியம் 12:40

பலமுறை பார்த்த படம். பாதி வசனத்தில் நிறுத்தினேன். மீதியைக் கீழிருந்து சொன்னது.

இன்று நான் ஓடவிடாத மீதி.

படப்பெட்டியைக் கழற்றி அலமாரியில் பூட்டினேன். ஒலிமானியை மூன்று முறை சரிபார்த்தேன். கருவி உளறவில்லை. கனம் இருபத்தேழு. கீழிருந்து ஏதோ பனியைத் தின்றுகொண்டு மேலே வருகிறது. கப்பல் இறங்கக் குறைந்தது இருபத்தைந்து மீட்டர் வேண்டும். நாளை ஹெலனிடம் சொல்லிவிட வேண்டும்.

நாள் 176. காலை 09:05

சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும் என்று பயந்தேன். அதைவிட, ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று நோட்டைப் புரட்டிக்கொண்டே நான்கு நாளை ஓட்டினேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கீழே நான்கு நாளாகச் சத்தமில்லை. கனம் இருபத்துமூன்று.

நாள் 181. காலை 10:00

ஹெலனிடமிருந்து செய்தி: "உல்கா, யுவர் இங்கிலீஷ் இஸ் பியூட்டிஃபுல். நேற்று பேசியது போல மறுபடி பேசுவோம்." உலகம்மாள் அவள் வாயில் உல்கா. நோட்டை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டால் இப்போது எனக்கு எல்லாம் புரிகிறது.

நேற்று முழுக்கத் துளைக்கொட்டகையில் இருந்தேன். நான் யாரோடும் பேசவில்லை.

மாலை 17:45

பதிவைப் போட்டுக் கேட்டேன். ரேடியோ மைக் பேச்சுச் சத்தம் கேட்டால் தானாகத் திறந்துகொள்ளும். ஆளில்லாத அறையில், தரை வழியாக, என் குரல். முதலில், "ஹலோ, மைக் டெஸ்டிங்." பிறகு இருபது நிமிடம் சரளமான ஆங்கிலம். ஹெலன் இரண்டு முறை சிரிக்கிறாள்.

கீழே இருப்பதற்கு எந்தக் கம்பியும் தேவையில்லை. என் முகாமையே குழாய் ஸ்பீக்கராக ஆக்கிக்கொண்டது.

நாள் 193. மதியம் 12:10

பன்னிரண்டு நாளாக ஹெலனிடம் சொல்ல முயல்கிறேன். நான் வாயைத் திறந்தால் அதுவும் திறக்கிறது. எழுத்தில் அனுப்பினேன். மறுநாளே என் குரலில், அதை நெவர் மைண்ட், தனிமையில் ஏதோ உளறிவிட்டேன் என்று அது சொல்லி முடித்துவிட்டது. கப்பல் தலைக்கு மேலே வந்துவிட்டது. கனம் பதினொன்று.

இன்று நடந்த பேச்சு அப்படியே.

நான்: "ஹெலன், டோன்ட் லேண்ட். ஐஸ் நோ குட். ஐஸ் வெரி... ஸ்மால்."

அது, என் குரலில்: "நெவர் மைண்ட் தட். கம் ஆன் டவுன். மேக் யுவர்செல்ஃப் அட் ஹோம்."

ஹெலன்: "உல்கா, லைனில் மோசமான எதிரொலி. நீ பேசுவது தெளிவாகக் கேட்கிறது. எதிரொலியைப் பொருட்படுத்த மாட்டோம்."

எதிரொலி நான்தான்.

அதே படம், அதே பாட்டு, அதே நாட்கள். எனக்கிருந்த கூச்சம் அதற்கில்லை, அவ்வளவுதான்.

தாங்க முடியாமல் கத்தினேன்: "ஐயோ வராதீங்க, எறங்காதீங்க, பனி தாங்காது, நாந்தான் பொய் எழுதிட்டேன்!" யாருக்கும் புரியவில்லை. கீழே அது மட்டும் பேச்சை நிறுத்திக் கவனமாகக் கேட்டது.

மதியம் 14:05

முதன்மை ஃபியூஸைப் பிடுங்கிவிட்டேன். ரேடியோ இல்லை. இறங்குவிளக்கு இல்லை. சூடும் இல்லை. விளக்கு இல்லாத தளத்தில் கப்பல் இறங்கக் கூடாது; அதுவும் விதி. திரும்பிப் போய்விடுவார்கள். குளிர் என்னை முடிக்க நான்கைந்து மணி நேரம் ஆகலாம். ஒன்பது பேர். பரவாயில்லை.

இனி நோட்டில், பென்சிலால். சொற்றொடர் எழுதிய பக்கங்களுக்குப் பின்னால்.

மதியம் 15:20

விரல் மடங்கவில்லை. இதைக் கண்டெடுப்பவர் யாராயிருந்தாலும்: பனியின் கனம் நாற்பது அல்ல. நான் மாற்றி எழுதினேன். அப்பாவுக்குச் சொல்லுங்கள், அவர்மேல் தப்பில்லை. இதைச் சத்தமாக வாசிக்காதீர்கள். இங்கே நின்று வாசிக்கவே வாசிக்காதீர்கள்.

ஜன்னலில் ஒரு வெளிச்சப்புள்ளி. கப்பல். ஏன் இன்னும் போகவில்லை?

15:40

புள்ளி பெரிதாகிறது.

இப்போதுதான் உறைக்கிறது. பதினொரு படத்தையும் மனப்பாடமாகத் தெரியும் எனக்கு. ஒன்றிலாவது, பேச்சு அறுந்ததும் யாராவது திரும்பிப் போனார்களா? விதியை மீறி வருவார்கள். 'வி ஆர் கமிங் ஃபார் யூ.' பக்கம் ஒன்பதில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். உன்னைக் கூட்டிப்போக வருகிறோம் என்று பொருள். ஹெலனும் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவள்தானே.

ஃபியூஸைத் திரும்ப மாட்டினால் அது பேசும். மாட்டாவிட்டால் என்னைக் காப்பாற்ற

15:52

தரை அதிர்கிறது. மின்சாரம் இல்லை. பாட்டு கேட்கிறது. நான் முதலில் கற்ற பாட்டு. கல்யாண வீட்டு வாசலில் மாப்பிள்ளை கார் வந்து நிற்கும்போது அப்பா போடுவாரே, அந்தக் கணக்காக, சரியான நேரத்தில்.

வெளிச்சம் ஜன்னலை நிறைத்துவிட்டது. கீழே அது சத்தத்தைக் கூட்டுகிறது